மறுமொழி: ‘சதிக் கோட்பாடு’ வேண்டாம், ‘சதியூகம்’ என்று வைப்போமா?

எல்லாருக்கும் வணக்கம்.

‘கான்ஸ்பிரசி தியரி’க்கு (யாரோ இரகசியமாகக் கூடிச் செய்த சதிதான் காரணம் என்ற பேச்சுக்கு) தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை: சதிக் கோட்பாடு, சூழ்ச்சிக் கோட்பாடு, சதிக்கதை, புரளி. என் பங்குக்குச் ‘சதியூகம்’ என்பதை முன்வைக்கிறேன். சதி + ஊகம், அவ்வளவுதான். விக்கிப்பீடியாவில் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்தும் வேலையை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சதிக் கோட்பாடு ஏற்கெனவே பத்திரிகைகளில் புழங்குகிறது. புழங்கும் சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பதுளை அண்ணா, புழக்கம் பெரிய விசயம்தான். ஆனால் செய்தித்தாளில் ஒரு நாள் வந்து போகிற சொல் வேறு, ஒரு மனிதரின் பெயருக்குக் கீழே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற சொல் வேறு. கோட்பாடு என்றால் சோதித்துப் பார்த்து, எதிர்க்கேள்விகளுக்குத் தாக்குப்பிடித்து நிற்பது. அந்தப் பட்டத்தை யாரோ ஒருவர் யூடியூபில் சொன்னதற்குக் கொடுத்தால், அதற்கு இல்லாத மரியாதை வந்துவிடுகிறது. இன்னொன்று, நம் இலங்கைப் பாடநூல்களில் ‘தியரி’ பெரும்பாலும் ‘கொள்கை’தான். நாங்கள் கூர்ப்புக் கொள்கை என்று படித்ததைத் தமிழ்நாட்டில் பரிணாமக் கோட்பாடு என்பார்கள். பௌதிகவியலா இயற்பியலா என்ற பழைய வழக்கை இங்கேயும் தொடங்குவானேன்? ‘ஊகம்’ இரண்டு கரைக்கும் பொது.

> அப்படியானால் சதிக்கதை என்றே வைக்கலாமே. பொய் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

பேராதனைத் தங்கச்சி எழுதிய இந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் விசாரணை எதற்கு? இலங்கையின் தேயிலைத் தோட்ட மலையகத்தில் இருந்துகொண்டு ‘சதி என்று பேசுவதெல்லாம் கதை’ என்று என்னால் சொல்ல முடியாது. இங்குள்ள தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டம் கதையா? 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தபோது, பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மேலே இருப்பவர்கள் கூடிப் பேசித் தங்கள் தலையில் கைவைப்பார்கள் என்று சந்தேகப்படுவது இந்த மக்களின் பைத்தியக்காரத்தனம் அல்ல, அனுபவம்.

1940 ஜனவரி 10ஆம் தேதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். அவரைப் பற்றிய கட்டுரையில் பொலிஸ் மேல் கடுமையான குற்றச்சாட்டு வரத்தான் செய்யும். ஆனால் அது காற்றில் தொங்கவில்லை. விசாரணை ஆணைக்குழு உட்கார்ந்தது, கோவிந்தனின் மனைவிக்காக இடதுசாரி வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார், ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் இடையே முறுகல் முற்றி அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்குப் போனது. சட்டசபைப் பதிவு இருக்கிறது, அன்றைய பத்திரிகை இருக்கிறது. இதை ‘சதிக்கதை’ என்று ஒதுக்க அன்றைக்குப் பல துரைமார் (தோட்டங்களை நடத்திய வெள்ளையர்கள்) தயாராக இருந்திருப்பார்கள்.

ஊகம் என்றால் ‘இன்னும் காட்டப்படவில்லை’ என்று மட்டும் பொருள். காட்டிவிட்டால் ஊகத்தை வெட்டிவிட்டு நிகழ்ச்சியாக எழுதலாம். காட்ட முடியாது என்று நிரூபணமானால் ‘பொய்யென நிறுவப்பட்ட சதியூகம்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். ‘கதை’ என்று தொடங்கினால் இரண்டுக்கும் வழியில்லை. ‘புரளி’க்கும் அதே குறைதான். தவிர, புரளி ஒரு வாரத்தில் அடங்கிவிடும். நாம் பேசுகிற சாமான் அடங்குவதில்லை, தேர்தலுக்குத் தேர்தல் எழும்பி வரும்.

இனி மூலங்கள். இதுதான் எனக்குப் பெரிய தலைவலி.

பேச்சுத் தமிழில் நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. பெரட்டுக்களத்தில் (காலையில் தோட்டத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடம்) ஒருவர் ‘தலைவருக்கு மருந்து வச்சிட்டாங்களாம்’ என்றால், அந்த ‘ஆம்’ எல்லாவற்றையும் சொல்லிவிடும்: நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன், என்னைப் பிடிக்காதே. கட்டுரைத் தமிழில் அந்த ‘ஆம்’ எழுதக் கூடாதாம்! அதனால் தட்டச்சு செய்கிறவர் ‘நஞ்சூட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்று மாற்றுகிறார். யார் கூறினார் என்பது காணாமல் போயிற்று. அடுத்து வருகிறவர் நடையைச் சீராக்குகிறேன் என்று ‘நஞ்சூட்டப்பட்டார்’ என்று சுருக்குகிறார். இரண்டே திருத்தத்தில் கேள்விப்பட்டது வரலாறாகிவிட்டது. ஆகவே ‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’ மூன்றும் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரையில் ஆளும் சான்றும் இல்லாமல் வரக் கூடாது என்பது என் கட்சி. ‘இன்னார் இந்த ஆண்டு இந்தப் பத்திரிகையில் சொன்னார்’ என்று எழுத முடிந்தால் எழுதுவோம், முடியாவிட்டால் அந்த வரியே வேண்டாம்.

போன மாதம் ஒரு தொழிற்சங்கக்காரரின் கட்டுரையில் இதே மாதிரி ஒரு வரியைப் பார்த்தேன். பெயர் வேண்டாம், குடும்பம் இருக்கிறது. மூன்று அடிக்குறிப்பு, பார்க்க வலுவாகத்தான் இருந்தது. முதலாவது ஒரு காணொளி: படத்தில் சிவப்பு அம்புக்குறி, பின்னால் பயங்கர இசை, பேசுகிறவர் முகமே இல்லை. இரண்டாவது ஒரு செய்தித் தளம். மூன்றாவது அந்தத் தளத்தை வெட்டி ஒட்டிய இன்னொரு தளம். செய்தித் தளத்துப் பந்தியைப் படித்தால் ‘மாவட்ட அமைபாளர்’ என்று ஒரு ‘ப்’ குறைகிறது. நம் கட்டுரையின் பழைய பதிப்பிலும் அதே இடத்தில் அதே ‘ப்’ இல்லை! நம்மிடமிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள், நாம் அவர்களையே சான்று காட்டிக்கொண்டிருக்கிறோம். நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி. இதற்குச் ‘சுழற்சான்று’ என்று பெயர் வைக்கலாம் என்பது என் இரண்டாவது முன்மொழிவு. ‘வட்ட மேற்கோள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வட்ட மேசை மாநாடு போலக் கேட்கிறது.

இது மலையகத்துக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலர் ஒரு காலத்தில் ராபர்ட் கென்னடியின் உதவியாளராக இருந்தவர். கென்னடி சகோதரர்களின் கொலைகளில் இவருக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக, 2005 மேயில் ஆங்கில விக்கிப்பீடியாவில் பெயர் தெரியாத ஒருவர் விளையாட்டுக்கு எழுதிவிட்டுப் போனார். நான்கு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. விக்கியை நகலெடுக்கும் வேறு தளங்களிலும் ஏறிவிட்டது. அவரே பத்திரிகையில் எழுதிக் கொதித்த பிறகுதான், அந்த ஆண்டு டிசம்பரில் வாழும் மனிதர்கள் பற்றிய தனிக் கொள்கை ஒன்று அங்கே உருவானது. அதன் சாரம்: உயிரோடிருப்பவர் மேல் சான்றில்லாத, அல்லது சான்று மோசமான குற்றச்சாட்டு இருந்தால் முதலில் எடு, பிறகு பேசு. ‘சான்று தேவை’ வார்ப்புருவை (வரிக்குப் பக்கத்தில் போடும் எச்சரிக்கைக் குறிப்பை) ஒட்டிவிட்டு நகர்கிற நம் பழக்கம் இந்த இடத்தில் உதவாது. வார்ப்புருவும் நிற்கும், அவதூறும் நிற்கும்.

> நம் ஆட்களைப் பற்றி நல்ல மூலமே கிடையாது. இப்படிப் பார்த்தால் பாதிக் கட்டுரையை நீக்க வேண்டும்.

நியாயமான கவலை. ஆனால் எல்லாத் தகவலுக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம். நினைவு மலர், மணிவிழா மலர், சங்கத்தின் மேதின இதழ் எல்லாம் ஒருபக்கம் சாய்ந்தவைதான். ஆனாலும் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்த ஆண்டு சங்கத்தில் சேர்ந்தார் என்பதற்குத் தாராளமாகப் பயன்படும். அவற்றைச் ‘சார்பு மூலம்’ என்போம். எதிர்ச்சங்கம் நஞ்சு வைத்தது என்று அதே மலர் சொன்னால், அதற்கு அது போதாது. ‘நம்பகமற்ற மூலம்’ என்பது வேறு: திருத்தவும் ஆளில்லை, பொறுப்பேற்கவும் ஆளில்லை. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் மலையகத்து வரலாற்றில் எழுத்தில் கிடைக்கிற கொஞ்சத்தையும் நாமே தூக்கி வீசுவோம். வீசுவதற்கு முன் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் பழைய இதழ்களின் மின்வருடிய பக்கங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு செய்தித் துணுக்கு கிடைத்தாலும் போதும்.

(‘மூலம்’ என்றால் வேறு நோய் நினைவுக்கு வருகிறது என்று ஒரு ஐயா குறைபட்டிருந்தார். ஐயா, இத்தனை வருடமாகப் புழங்கிவிட்டது. விட்டுவிடுவோம்.)

கடைசியாக, ஆளைக் குறிக்கும் சொல். ‘சதியூகவாதி’, ‘சதியூகர்’ என்று யாராவது கட்டாயம் கேட்பீர்கள். தராமல் விடுவோம் என்கிறேன். சொல் கையில் இருந்தால் கட்டுரையின் முதல் வரியிலேயே ‘இவர் ஓர் ஆசிரியர், கவிஞர், சதியூகவாதி’ என்று குத்தி வைக்கத் தோன்றும். உயிரோடிருப்பவருக்கு அது முத்திரை. ‘இன்ன சதியூகத்தை இன்ன மேடையில் ஆதரித்துப் பேசினார்’ என்று வாக்கியமாக எழுதினால் செயல் மட்டும் பதிவாகும், சான்றும் கேட்கும்.

ஓட்டமாகப் படித்துப் பாருங்கள்: ‘இலங்கைத் தேயிலைப் பயிர்ச்செய்கையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லரை 1892இல் லூல்கந்துரைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அதே ஆண்டு அவர் இறந்தார். இவ்விரண்டையும் இணைக்கும் சதியூகம் எதற்கும் சான்றில்லை.’ நாக்குத் தடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இதிலேயே ‘சதிக் கோட்பாடு’ போட்டும் ஒருமுறை வாசியுங்கள்.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் சதியூகம், சுழற்சான்று, சார்பு மூலம் மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். இனிமேல் சான்றாக ஏற்பதில்லை என்று சமூகம் தீர்மானித்த இதழ்களுக்கு (2017இல் ஆங்கில விக்கி பிரித்தானியாவின் டெய்லி மெயில் பத்திரிகைக்குச் செய்தது போல) தங்கச்சி சொன்ன ‘ஒதுக்கிய மூலம்’ எனக்குச் சம்மதம். ‘தடைசெய்த மூலம்’ வேண்டாம், அது அரசாங்கம் செய்கிற வேலை.

ஹட்டனிலிருந்து,
அன்புடன்.