அப்பாவுக்கு அல்சைமர் இல்லை என்று ரத்தம் சொன்ன பிறகு

நியூ ஜெர்சியிலிருந்து:

அப்பாவுக்கு 72 வயது. இரண்டு வருடமாக ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. இன்று பேப்பர் செய்தியை வரி விடாமல் சொல்வார். நாளை பாத்ரூம் எந்தப் பக்கம் என்று திகைத்து நிற்பார். சாயங்காலமானால் சோபாவில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். தூக்கத்தில் கத்துவதும் கையை ஓங்குவதும் பத்து வருடமாக உண்டு. நாங்களாகவே அல்சைமர் என்று முடிவு கட்டிவிட்டோம்.

நரம்பியல் டாக்டர் பி12, தைராய்டு பார்த்துவிட்டு, அல்சைமரோடு தொடர்புள்ள இரண்டு புரதங்களான பி-டாவ் 217-க்கும் அமிலாய்டு 42-க்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையையும் எழுதினார். அறிகுறி உள்ள, 55 வயது நிறைந்தவர்களுக்காக 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது இது. அதற்கு முன் பெரும்பாலும் மூளைக்கு பெட் ஸ்கேன், இல்லையென்றால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதுதான். 499 பேரின் ரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வில், 'நெகட்டிவ்' வந்தவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு ஸ்கேனிலோ முதுகு நீரிலோ மூளையில் அமிலாய்டு படிந்ததற்கான (அல்சைமரின் அடையாளம் அது) அறிகுறி தெரியவில்லை. 'பாசிட்டிவ்' வந்தவர்களில் 91.7 சதவீதம் பேருக்குப் படிவு இருந்தது. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக, இரண்டிலும் சேராத முடிவு.

அப்பாவுக்கு நெகட்டிவ். அழுதேவிட்டேன், அத்தனை நிம்மதி. டாக்டர்தான் நிறுத்தினார்: "அல்சைமர் இல்லை என்பதால் மறதி நோயே இல்லை என்று ஆகாது." பிறகு அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் அரை மணி நேரம் கேட்டார். லூயி பாடி வகை மறதி நோய் என்றார்; மூளை செல்களில் ஒரு புரதம் கட்டிகட்டியாகச் சேர்வதால் வருவது. இல்லாதவை கண்ணில் தெரிவதும் தூக்கத்தில் கத்துவதும் அதன் அடையாளங்களாம். அதை உறுதி செய்ய இப்படியொரு ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லையாம்.

வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போன வருடம் ஊரில் ஒரு மருத்துவமனையில் அப்பாவை அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். மூன்று நாள் உடம்பு விறைத்துக் கட்டையாகக் கிடந்தார். லூயி பாடி உள்ளவர்களுக்கு அந்த மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது இப்போதுதான் தெரிகிறது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

லண்டனிலிருந்து:

அக்கா, என் கணவருக்கு 56. மறதி என்று எதுவும் இல்லை. யாரிடமும் ஒட்டுதல் இல்லாமல் போனார், இனிப்பாகத் தின்றார், கண்டபடி செலவு செய்தார். ஒரு வருடம் மனச்சோர்வு மாத்திரைதான். அப்புறம் நியூரோஃபிலமென்ட் லைட் என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். நரம்பு இழைக்குள் இருக்கும் புரதம் அது. இழை சிதைந்தால் ரத்தத்தில் கூடும். பக்கவாதத்திலும் கூடும் என்பதால் நோயின் பெயரை அது சொல்லாது. ஆனால் மனநோயா, மூளை தேய்கிறதா என்று பிரிக்க உதவும். அவருக்கு மிக அதிகம். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் முன்பகுதி சுருங்கியிருந்தது: மூளையின் முன், பக்கப் பகுதிகள் தேயும் ஃப்ரண்டோ டெம்போரல் வகை மறதி நோய்.

படிப்பவர்களுக்கு ஒன்று: கிட்னி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். கிட்னி பலவீனமாக இருந்தால் இந்தப் புரதங்கள் ரத்தத்தில் கூடுதலாகத் தெரியலாம்.

நியூ ஜெர்சியிலிருந்து:

நன்றிம்மா. அப்பாவுக்குக் கிட்னி நன்றாக இருக்கிறது. ரிவாஸ்டிக்மின் என்ற மறதி நோய் மருந்து பேட்ச் தோலில் ஒட்டத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. நேற்று சாயங்காலம் சோபாவைப் பார்த்து, "இன்னிக்கு யாரும் வரலையே" என்றார்.