மறு: பெஸ்ட் பால் – 'சிறந்த பந்து' வேண்டாம், 'மீதித் தேர்வு' எப்படி?

அண்ணா, வணக்கம். தடத்தில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆட்டத்தைப் பற்றிய நம் கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோமே, அதில் இருவர் ஓரணியாக ஆடும் 'பெஸ்ட் பால்' முறைக்கு நீங்கள் சொன்னது இது:

> 'பெஸ்ட் பால்' முறைக்குச் 'சிறந்த பந்து' என்றே போட்டுவிடலாம். எளிது, யாருக்கும் புரியும்.

இதைப் படித்ததும் எனக்கும் சரியாகத்தான் பட்டது. அப்புறம் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்து, அந்த முறையில் ஆடிய 'செலிபிரிட்டி பவுலிங்' நிகழ்ச்சியின் பழைய பதிவு ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தச் சொல்லைப் போட்டால் ஆட்டத்தையே தப்பாகச் சொன்னதாகிவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: 1971 முதல் 1978 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த நிகழ்ச்சி இது. லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டுடியோவுக்குள்ளேயே தடங்களை அமைத்துப் படம்பிடித்தார்கள். தொகுத்து வழங்கியவர் நடிகர் ஜெட் ஆலன். வாரம் நான்கு பிரபலங்கள், இருவர் இருவராக இரண்டு அணிகள். பரிசு, பார்வையாளர்களுக்கு.

இப்போது விதிக்கு வருகிறேன். ஓர் அணியின் இருவரும் ஆளுக்கொரு தடத்தில் முதல் பந்தை உருட்டுகிறார்கள். யாராவது ஒருவர் பத்துக் கட்டைகளையும் ஒரே உருட்டில் சாய்த்துவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. இல்லையென்றால் இருவரும் கூடிப் பேசி, எந்தத் தடத்தில் இரண்டாம் பந்தை உருட்டுவது என்று முடிவு செய்கிறார்கள்.

அந்தப் பேச்சில்தான் விஷயமே இருக்கிறது. ஒருவர் எட்டுக் கட்டைகளைச் சாய்த்திருக்கிறார், நிற்பவை கடைசி வரிசையின் இரு கோடிகளில் இருக்கும் 7-ஆம் கட்டையும் 10-ஆம் கட்டையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே 3 அடி. பந்தின் குறுக்களவோ ஏறத்தாழ எட்டரை அங்குலம்தான். ஒன்றைத் தட்டி அது பறந்து போய் மற்றதைத் தள்ளினால்தான் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்களே பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் அது. கூட்டாளி ஏழுதான் சாய்த்தார், ஆனால் அவருக்கு நிற்கும் 3, 6, 10 மூன்றும் வலது ஓரத்தில் ஒரே சாய்கோட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. விவரம் தெரிந்தவர் ஏழு சாய்ந்த இந்தத் தடத்தைத்தான் எடுப்பார். எட்டுச் சாய்த்தது 'சிறந்த பந்து' என்றால், சிறந்ததை விட்டுவிட்டு மற்றதை எடுத்தார்கள் என்றல்லவா எழுத வேண்டிவரும்? அவர்கள் பார்ப்பது விழுந்ததை அல்ல, நிற்பதை. அதனால்தான் 'மீதித் தேர்வு' என்கிறேன்.

'மீதி'யைப் பிடித்துக்கொண்டால் இன்னும் இரண்டு சொற்கள் தானாக வந்து சேர்கின்றன. ஸ்பேர் என்பதற்கு இதுவரை வந்தவற்றில் 'உதிரி' எனக்கு ஒப்பவில்லை. அது வண்டிப் பட்டறைச் சொல். இங்கே உதிரியாக எதுவும் இல்லை. இரண்டாம் பந்தில் நின்றவை அனைத்தையும் சாய்ப்பதுதான் ஸ்பேர். பாக்கியைத் தீர்ப்பது போல 'மீதி தீர்த்தல்' என்போமே. முதல் பந்தில் 7, இரண்டாம் பந்தில் 3, மீதி தீர்ந்தது. அடுத்த பந்தில் விழும் 6 இந்தச் சுற்றிலும் சேர்ந்து 16 ஆகும். இப்படி எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. 7-10 போல விலகி நிற்பதைக் 'கவட்டை மீதி' எனலாம். கவட்டை என்றதும் இரண்டாகப் பிரிந்து நிற்பது கண்ணுக்கு வந்துவிடுகிறது.

முதல் பந்திலேயே பத்தையும் சாய்ப்பது ஸ்ட்ரைக். அதற்கு அக்கா சொன்ன 'முழுவீழ்த்தம்' பிழையில்லாத சொல். ஆனால் கட்டைகள் சடசடவென்று சரியும் நொடியில் வாய்விட்டுக் கத்துவதற்கும் அது உதவ வேண்டும். 'ஒரேபோடு' என்று வைத்தால் என்ன? 'ஒரே போடாகப் போட்டான்' என்று நாம் அன்றாடம் சொல்வதுதான்.

பவுலிங்குக்குப் 'பந்துவீச்சு' மட்டும் வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். 'பிரபலங்களின் பந்துவீச்சு' என்று தலைப்பைப் பார்த்தால் நடிகர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார். 16 பவுண்டு வரை கனக்கும் பந்தை யாரும் வீசுவதில்லை, குனிந்து உருட்டிவிடுகிறார்கள். ஆகவே 'பந்துருட்டு'. இன்றைய பிள்ளைகள் 'உருட்டு' என்றால் கதை விடுவது என்கிறார்கள், தெரியும். பந்து முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

'பின்' என்பதற்கு நாம் வைத்த 'கட்டை' பற்றி அக்கா எழுப்பிய கேள்வி நியாயமானது. ஐந்து கட்டையில் பாடுகிறார் என்று இசையிலும் அது உண்டு. ஆனாலும் மேப்பிள் மரத்தில் செய்து மேலே பிளாஸ்டிக் பூசிய, 15 அங்குல உயரப் பொருளுக்கு வேறு எந்தச் சொல் இவ்வளவு இயல்பாக இருக்கும்? 'முளை' என்றால் தரையில் அறைந்து நிறுத்தியது. இவை சாயத்தான் நிற்கின்றன.

தடத்தின் இருபுறப் பள்ளத்துக்கு 'வாய்க்கால்' என்று அண்ணா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். 'பந்து வாய்க்காலில் இறங்கிவிட்டது' என்பதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கட்டுரையில் இப்படிப் போட நினைக்கிறேன்:

'செலிபிரிட்டி பவுலிங், பிரபலங்கள் இருவர் இருவராக மீதித் தேர்வு முறையில் ஆடிய பந்துருட்டு நிகழ்ச்சி. இருவரில் எவர் ஒரேபோடு போட்டாலும் அது அணிக்குச் சேரும். இல்லையேல் தீர்க்க எளிதான மீதியைத் தேர்ந்து இரண்டாம் பந்தை உருட்டுவர்.'

ஒரு சொல் மட்டும் இன்னும் தங்கியிருக்கிறது: ஆட்டக்காரர் தாண்டக் கூடாத கோடு. அங்கிருந்து முதல் கட்டைக்கு 60 அடி. 'கால்கோடு', 'தடைக்கோடு' இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டில் எது, அண்ணா?