சீன உறுப்புக் கடிகாரம்: எந்த நேரத்தைக் கொள்வது?

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் இருந்து எழுதுகிறேன். சீன நாட்காட்டியின் 60 நாள் சுழற்சியில் அன்றைக்கு வருவது மரமா, நெருப்பா, மண்ணா, உலோகமா, நீரா என்று பார்த்து, தூக்கம், பசி, மனநிலை ஆகியவற்றை இரவில் நோட்டில் எழுதி வருகிறேன். உலோகம் நுரையீரலுக்கு உரியது என்பதால், அந்த நாட்களில் என் மூச்சிரைப்பைக் கூடுதலாகக் கவனிப்பேன். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தவில்லை. இது என்னை நானே கவனிப்பதற்கு மட்டும்தான்.

சிக்கல் நேரத்தில்தான். ஒவ்வொரு உறுப்புக்கும் நாளில் இரண்டு மணி நேரம் உரியது, விடியற்காலை 3 முதல் 5 வரை நுரையீரல், காலை 7 முதல் 9 வரை இரைப்பை என்பது சீன மருத்துவக் கணக்கு. ஆனால் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னே நகர்த்திவிட்டார்கள். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறக்குறைய 1.20. அப்படியானால் கடிகாரம் 7 காட்டும்போது இரைப்பையின் வேளை உண்மையில் தொடங்கிவிட்டதா? காலைக் கஞ்சியை எட்டரைக்குத் தள்ளிவைக்க வேண்டுமா?

இன்னொன்று: சீனக் கணக்கில் நாளின் பன்னிரண்டு வேளைகளில் முதலாவதான எலி வேளை இரவு 11 மணிக்கே பிறந்துவிடுகிறது. அடுத்த நாளின் கணக்கை அப்போதே தொடங்குவதா, நள்ளிரவு வரை பொறுப்பதா?

சீன வைத்தியரிடம் முறையாகப் படித்தவர்கள், நீங்கள் பின்பற்றும் வழக்கத்தைத் தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் ஊரையும் குறிப்பிடுங்கள். சூரிய நேரம் ஊருக்கு ஊர் மாறும்.