பி.எட். பயிற்சி மாணவர்களை ஏற்ற தலைமையாசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பி.எட். பயிற்சி மாணவர்களை எப்படி வழிநடத்துகிறார்கள் என்பதுதான் என் பிஎச்.டி. ஆய்வு. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமமான என்சிடிஇ-யின் 2014 விதிமுறைக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடமாகி, பள்ளிப் பயிற்சியும் 20 வாரம் (முதல் வருடம் 4, அடுத்த வருடம் 16) ஆகிவிட்டது, ஆனால் அந்த 16 வாரமும் பள்ளியில் என்னதான் நடக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. போன வாரம் ஒரு தலைமையாசிரியரிடம் அரைமணி நேரம் பேசப் போனேன். அதற்குள் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவுக்காக இரண்டு போன், சத்துணவுப் பதிவேட்டில் கையெழுத்து, டிசி கேட்டு வந்த ஓர் அப்பா, கடைசியில் என் போனில் பதிவானது பாதிக்கு மேல் மணிச்சத்தம்தான். அவர்மேல் தப்பில்லை, பாவம்.

இப்படிப் பயிற்சி மாணவர்களை ஏற்ற தலைமையாசிரியர்கள் ஏழெட்டுப் பேர் வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனில் பேசினாலே போதும். அப்புறம், ஒரு வருட பி.எட். காலத்துக் கற்பித்தல் பயிற்சி நோட்டு யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆள் பெயரோ பள்ளிப் பெயரோ ஆய்வேட்டில் வராது. கூகுள் பாரம் போடச் சொல்லாதீர்கள், போட்டுப் பார்த்தாயிற்று, எல்லாரும் ‘மிகவும் திருப்தி’ என்றே டிக் செய்கிறார்கள். தெரிந்தவர் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நானே இன்பாக்ஸுக்கு வருகிறேன்.