படம் பார்க்கும்போது எடுத்த எஃப்எம்ஆர்ஐ சிக்னலில் டிஎஃப்ஏ கோடு வளைவது ஏன்?

கேள்வி:
வணக்கம். திரைப்படத் துண்டுகளைப் பார்க்கும்போதும், ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் எடுக்கப்பட்ட எஃப்எம்ஆர்ஐ (மூளையின் இரத்த ஓட்ட மாற்றங்களைப் பதியும் ஸ்கேன்) பதிவுகளில், மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஹர்ஸ்ட் அடுக்கெண்ணை, அதாவது சிக்னலின் ஏற்ற இறக்கங்கள் நீண்ட நேரத்துக்கு எவ்வளவு தொடர்புடன் இருக்கின்றன என்ற அளவை, கணக்கிட்டு ஒப்பிட்டு வருகிறேன். ஹியூமன் கனெக்டோம் என்ற மூளை இணைப்பு ஆய்வுத் திட்டத்தின் 7 டெஸ்லா (ஸ்கேனரின் காந்தப்புல வலு) தரவைப் பயன்படுத்துகிறேன். நொடிக்கு ஒரு பதிவு வீதம், ஓர் ஓட்டத்தில் ஏறத்தாழ 900 புள்ளிகள் உள்ளன. டிஎஃப்ஏ (சிக்னலைப் பல நீளச் சாளரங்களாக வெட்டி, போக்கை நீக்கி, ஒவ்வொரு நீளத்திலும் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று பார்க்கும் பகுப்பாய்வு) செய்து மடக்கை வரைபடம் வரைந்தால், ஒரே நேர்கோடு வரவேண்டிய இடத்தில் கோடு வளைகிறது. சிறிய சாளரங்களில் சாய்வு, அதாவது அடுக்கெண், 1-ஐத் தாண்டுகிறது. 100 நொடிக்கு மேற்பட்ட சாளரங்களில் 0.5-க்கும் கீழே இறங்குகிறது. 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியை முன்கூட்டியே போட்டிருக்கிறேன். மூளையில் இரு வேறு ஃப்ராக்டல் (எந்த அளவுகோலில் பார்த்தாலும் ஒரே போலத் தோன்றும்) ஒழுங்குகள் இயங்குகின்றன என்று இதைக் கொள்ளலாமா?

முதல் பதில்:
கொள்ள வேண்டாம். நீங்கள் காண்பது வடிகட்டியின் உருவம். 0.1 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை நீக்கும்போது 10 நொடிக்குள் நிகழும் ஏற்ற இறக்கங்கள் மழுங்கி, சிக்னல் செயற்கையாக வழவழப்பாகிறது. அதனால் சிறிய சாளரங்களில் சாய்வு ஏறுகிறது. 0.01 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும்போது 100 நொடிக்கு மேற்பட்ட மெதுவான அலைகள் போய்விடுவதால், பெரிய சாளரங்களில் வளர்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அளவுகோல் மாறினாலும் மாறாத உறவைத் தேடும் பகுப்பாய்வுக்கு, அளவுகோல்களின் இரு முனைகளையும் வெட்டிய தரவு பொருந்தாது.

வடிகட்டியை எடுத்துவிட்டு, ஸ்கேனரின் மெதுவான நகர்வுக்கு மட்டும் மென்மையான போக்கு நீக்கம் செய்யுங்கள். அப்போதும் மிகச் சிறிய சாளரங்களை நம்ப வேண்டாம். நரம்புச் செயல்பாட்டுக்கு இரத்த ஓட்டம் காட்டும் எதிர்வினை ஏறத்தாழ 5 நொடி கழித்தே உச்சம் தொடுவதால், அந்தத் தாமதமே அங்கு வழவழப்பை உண்டாக்கும். ஏறத்தாழ 15 நொடியில் தொடங்கி மொத்த நீளத்தின் கால் பங்கில் நிறுத்துவது பாதுகாப்பானது. இரு நிலைகளிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வடிகட்டியை நீக்கியதும் கோடு பெரும்பாலான பகுதிகளில் நேராகிவிட்டது. இப்போது பார்வைப் புறணியில் மட்டும், படம் பார்க்கும்போதைய அடுக்கெண் ஓய்வில் உள்ளதைவிடத் தெளிவாக உயர்ந்திருக்கிறது. இது மூளையின் மாற்றம்தான் என்று எழுதிவிடலாமா?

இரண்டாம் பதில்:
அதற்கு முன் மூளைக்குள் நுழைவது என்ன என்று பார்க்க வேண்டும். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுவே. திரைப்படம் என்ற தூண்டலுக்கே நீண்டகாலத் தொடர்பு உண்டு. ஹாலிவுட் படங்களின் ஷாட் நீளங்கள் காலப்போக்கில் 1/எஃப் வடிவத்தை (மெதுவான மாற்றங்கள் வேகமானவற்றைவிட வலுவாக இருக்கும் ஒழுங்கை) நெருங்கி வந்திருப்பதை உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் காட்டினார்கள். போதாக்குறைக்கு, உங்கள் தரவில் துண்டுகளுக்கு இடையே 20 நொடி இடைவெளி வருகிறது. ஒளி அணைந்து எரியும் அந்தச் சில நிமிடச் சுழற்சி, பெரிய சாளரங்களில் நேரடியாகப் பதியும்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒருவரைத் தவிர்த்து, அதே படத்தைப் பார்த்த மற்ற அனைவரின் சராசரிச் சிக்னலை எடுத்து, அதைத் தவிர்க்கப்பட்டவரின் சிக்னலிலிருந்து பின்னடைவு (ரிக்ரெஷன்) முறையில் நீக்குங்கள். எஞ்சியதில் அடுக்கெண்ணை மீண்டும் கணக்கிடுங்கள். வேறுபாடு மறைந்தால், நீங்கள் கண்டது படம் எழுப்பிய பொதுவான எதிர்வினை. நிலைத்தால், அவரவர் மூளையின் உள்ளியக்கம் மாறியிருக்கிறது என்று பேச இடமுண்டு. ஒவ்வொருவரின் எதிர்வினையும் நேரத்தில் சற்று முன்பின்னாக இருக்கும் என்பதால், சராசரியை நீக்கிய பிறகும் தூண்டலின் எச்சம் சிறிது தங்கும். ஆகவே இரண்டாவது முடிவைச் சற்று அடக்கியே எழுதுங்கள்.

தலை அசைவையும் இரு நிலைகளுக்கும் தனித்தனியே ஒப்பிடுங்கள். படம் பார்க்கும்போது மக்கள் ஓய்வைவிடக் குறைவாகவே அசைகிறார்கள், அந்த வேறுபாடே அடுக்கெண்ணைப் பாதிக்கக்கூடும்.

சோதனைக்காகப் புள்ளிகளின் வரிசையைக் கலைத்துப் பாருங்கள், மதிப்பு, தொடர்பே இல்லாத நிலையைக் குறிக்கும் 0.5-க்கு அருகில் வரவேண்டும். அலைகளின் கட்டத்தை (ஃபேஸ்) மட்டும் கலைக்கும் முறை இங்கு உதவாது, ஏனெனில் அது ஆற்றல் நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்பதை) அப்படியே விட்டுவிடுவதால் ஹர்ஸ்ட் மதிப்பும் மாறாது.