கோவலன் நாடகத்தில் கண்ணகி சிலம்பைக் கொடுக்கும் இடம்: நீங்கள் பார்த்தது எப்படி?

ஊர்த் திருவிழாவில் சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகத்தை அம்மாச்சியோடு உட்கார்ந்து விடிய விடியப் பார்த்திருக்கிறேன். முதல் பாதி முழுக்க மாதவிதான். பாட்டு, தர்க்கம், பபூன் என்கிற கோமாளியின் கலகலப்பு என்று நேரம் போவதே தெரியாது. கட்டிய மனைவி அவ்வளவு நேரமும் திரைக்குப் பின்னால் ஒப்பனையோடு காத்திருப்பாள். சின்ன வயதில் அது எனக்கு உறுத்தவில்லை. இப்போது உறுத்துகிறது.

ஒரு வருஷம் கண்ணகியாக நடித்த அம்மாவை மறக்க முடியாது. ராத்திரி மூன்று மணி இருக்கும், பாதிக் கூட்டம் பாயில் சாய்ந்துவிட்டது. கோவலன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்து நிற்கிறான். பாட வேண்டிய இடத்தில் அந்த அம்மா பாடவில்லை. ஒரு துணி முடிச்சை எடுத்து, உட்கார்ந்து, இறுகிக் கிடந்ததைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். கோவலன் கை நீட்டினான். சிலம்பை அந்தக் கையில் வைக்கவில்லை. நடுவில் கிடந்த நாற்காலியில் வைத்தார். துணியை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சிலப்பதிகாரத்தில் இந்த இடத்தில் கண்ணகி சிரித்த முகத்தோடு ‘சிலம்புள கொண்ம்’, அதாவது சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல்தான் கணவன் வாடுகிறான் என்று அவள் நினைத்ததாகப் பழைய உரை சொல்லும். படிக்கும்போதே நெஞ்சை அடைக்கும். அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஆள் வீடு திரும்பிவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடுமா என்று ஒரு நாற்காலியை வைத்துக் கேட்டுவிட்டார்.

அம்மாச்சி தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். “கையில குடுக்கல, பாத்தியா” என்றார். தாத்தாவுக்கு இன்னொரு வீடு இருந்தது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி அம்மாச்சி வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பேச்சு இதுதான்.

பதில் 1

அக்கா, நான் நாடகத்துக்கு மிருதங்கம் வாசித்தவன். ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது நடிகர்களைத் தனித்தனியாக வரவழைத்து ஓர் இரவுக்கு நடத்தும் நாடகத்தில், ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் என்கிற நாயகி வேறு ஊரிலிருந்து. பல நேரம் அன்றைக்கு ராத்திரிதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதனால் நாற்காலி விஷயம் அந்தக் கோவலனுக்கு முன்கூட்டித் தெரிந்திருக்காது. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது நிஜத் தடுமாற்றமாகத்தான் இருக்கும்.

எனக்கும் அப்படி ஒரு ராத்திரி வாய்த்தது. கண்ணகி பாட்டை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார். ஆர்மோனியம் வாசிக்கும் பெட்டிக்காரர் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மிருதங்கத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். அரை நிமிஷம் ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான். அப்புறம் கோவலன் தானாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு எத்தனையோ பேர் உருகிப் பாடிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் உட்கார்ந்த மாதிரி எதுவும் என்னைத் தொட்டதில்லை.

பதில் 2

நீங்கள் இருவரும் சொன்னது உண்மை. ஆனால் மாதவிக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் பார்த்த நாடகத்தில் அவளை ஆளை மயக்குகிறவளாக மட்டுமே காட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். 1,008 கழஞ்சு பொன் விலை சொன்ன மாலையை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனவன் கோவலன்தானே?

காப்பியத்தில், மாதவி கடைசியாக அனுப்பிய ஓலையை மதுரைக்குப் போகும் வழியில் படித்துவிட்டு, குற்றம் அவளுடையதல்ல, தன்னுடையது என்று அவனே உணர்கிறான். அதற்கப்புறம்தான் மதுரையில் அடைக்கலம் தந்த இடையர் குலப் பெண் மாதரி கொடுத்த வீட்டில் கண்ணகி சமைத்துப் போட்டு, வெற்றிலை பாக்கும் கொடுத்த பிறகு, ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ (மதிக்கத் தகாத நடத்தையை மேற்கொண்டீர்) என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவள் அவனைக் குறை சொல்லும் இடம் அதுதான். ஓலையும் மேடைக்கு வந்தால், இரண்டு பெண்களும் ஒரே மனிதனிடம் கணக்குக் கேட்கிறார்கள் என்பது பார்ப்பவருக்கு உறைக்கும்.

அந்த ஓலையை மேடையில் வாசித்த நாடகம் யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், கோவலனாக நடித்தவர் அப்போது என்ன செய்தார் என்று எழுதுங்கள்.