டேமேஜ் (1992) பார்த்தவங்க வாங்க, அந்த கடைசி வசனத்துக்கு என்னதான் அர்த்தம்?

இரவுக்காட்சி:
லூயி மால் டைரக்ட் பண்ண டேமேஜ் நேத்து நைட்டு பார்த்தேன். ஸ்பாய்லர் நிறைய வரும், பார்க்காதவங்க இங்கயே அப்பீட் ஆயிடுங்க.

ஸ்டீபன்னு ஒரு பிரிட்டிஷ் எம்பி, மந்திரி வேற, ஜெரமி அயர்ன்ஸ் பண்ணிருக்காரு. பெரிய வீடு, கௌரவமான பொண்டாட்டி, வேலைக்கு போற பையன், ஸ்கூல் போற பொண்ணு, ஒரு குறையும் கிடையாது. பையன் மார்ட்டின் லவ் பண்ற பொண்ணு அன்னா, அது ஜூலியட் பினோஷ். ஒரு பார்ட்டில அவளே நேரா வந்து நான் உங்க பையனோட ஃப்ரெண்டுன்னு தன்னை அறிமுகப்படுத்திக்கிறா, ரெண்டு பேரும் சும்மா பார்த்துக்கிறாங்க, அவ்ளோதான், அடுத்து ஒரு போன் கால், எங்க இருக்கன்னு சொல்லு ஒரு மணி நேரத்துல வர்றேன்னு இவன் கிளம்பிடுறான். அதுக்கப்புறம் பையன் செத்து, பதவி போயி, குடும்பம் சிதறி, எங்கயோ வெளிநாட்டுல ஒண்டியா கெடக்குறான்.

எனக்கு ரெண்டு டவுட். அன்னாவுக்கு என்னதான் வேணும்? மார்ட்டினை கட்டிக்கிறேங்குறா, அவங்க அப்பனையும் விட மாட்டேங்குறா. இவ வில்லியா, பாவப்பட்டவளா? ரெண்டாவது, கடைசில ஏர்போர்ட்ல அவளை தற்செயலா பார்த்ததா சொல்லிட்டு, மத்தவங்களுக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லைங்குற மாதிரி முடிக்கிறானே, இவ்ளோ நாசம் பண்ணிட்டு இப்படி ஒரு வரியா? எனக்கு செம கடுப்பாயிடுச்சு.

பழையகேசட்:
முதல் டவுட்டுக்கு விடை படத்துலயே இருக்கு ப்ரோ, அவ அண்ணன் ஆஸ்டன். தங்கச்சி மேலயே அவனுக்கு தகாத ஆசை, அவ பெரியவளாகி வேற ஒரு பையன் பக்கம் போறத தாங்காம தற்கொலை பண்ணிக்கிறான், அன்னிக்கே அவ பீட்டர்ங்குற அந்த பையன்கிட்ட போயிடுறா. ஒருத்தன் தன்னை முழுசா சொந்தம் கொண்டாடினா என்ன நடக்கும்னு அவளுக்கு சின்ன வயசுலயே தெரிஞ்சு போச்சு. அதனாலதான் ஸ்டீபன் பொண்டாட்டிய விட்டுட்டு வந்துடுறேன்னு நிக்கும்போது வேணாங்குறா. மார்ட்டினும் வேணும், நீயும் வேணும், எல்லாம் இப்படியே இருக்கட்டும், இதான் அவ கணக்கு.

இன்னொன்னு கவனிச்சீங்களா, அன்னாவோட அம்மா வர்ற சாப்பாட்டு சீன். மார்ட்டினை பார்த்துட்டு ஆஸ்டன் ஜாடை இருக்குன்னு போற போக்குல போட்டு உடைச்சிடும் அந்தம்மா, மேஜையே கப்சிப். அப்புறம் கார்ல போகும்போது ஸ்டீபன்கிட்ட விஷயம் எனக்கு தெரியும், நீங்க ஒதுங்கிக்கோங்கன்னு நேராவே சொல்லிடும். அதுல நடிச்சது லெஸ்லி கேரன். மொத்தமா கொஞ்ச நேரம்தான் வர்றாங்க, ஆனா எல்லாத்தையும் புரிஞ்சுகிட்டவங்க அவங்க ஒருத்தர்தான்.

மூலக்கதை ஜோசஃபின் ஹார்ட் எழுதின நாவல், 1991ல வந்துச்சு. முழுக்க அந்த அப்பன் வாயாலயே சொல்ற கதை, அவனுக்கு பேரு கூட கிடையாது. அப்படி படிக்கும்போது அவன் சொல்ற அன்னாவதான் நாம பார்க்குறோம், நிஜமா அவ எப்படிப்பட்டவன்னு நமக்கு தெரியவே தெரியாது. படத்துல கேமரா இருக்கறதால அந்த மூடாக்கு போயிடுது. அந்த விஷயத்துல நாவல் ஒரு படி மேலன்னுதான் சொல்வேன்.

வெறும்பார்வை:
எல்லாரும் ஆஹா ஓஹோன்றீங்க, எனக்கு சுத்தமா ஒட்டல. ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறாங்க சொல்லுங்க? ஒண்ணுமில்ல. சிரிப்பு இல்ல, விளையாட்டு இல்ல, சண்டை கூட இல்ல, போறான், பாயுறான், கிளம்புறான். பிரஸ்ஸல்ஸ்ல மீட்டிங்க விட்டுட்டு ரயிலேறி பாரீஸுக்கு ஓடுறான், பையன் ஹோட்டல் ரூம்ல தூங்கிட்டு இருக்கான், இவ வெளிய வர்றா, தெருவுல ஒரு வாசல் ஓரமா நின்னுகிட்டே எல்லாம் முடிஞ்சுது. இதுக்கு பேரு காதலா? மந்திரி மாதிரியே இல்ல, காய்ச்சல்காரன் மாதிரி இருக்கான். அமெரிக்காவுல முதல்ல என்.சி.17, அதாவது பெரியவங்க மட்டும் பார்க்கலாம்ங்குற சர்டிஃபிகேட் குடுத்து அப்புறம் கொஞ்சம் வெட்டி அதைவிட கெடுபிடி கம்மியான ஆர் சர்டிஃபிகேட் வாங்கினாங்க, படத்துக்கு கெடைச்ச பாதி பேரு அதனாலதான்.

2023ல நெட்ஃபிளிக்ஸ்ல அப்செஷன்னு நாலு எபிசோடா மறுபடி எடுத்தாங்களே, ரிச்சர்ட் ஆர்மிடேஜ் சர்ஜனா வருவாரு, அதையும் பார்த்து தொலைச்சேன். அது இதவிட மோசம், அதனால இது பரவால்லன்னு வேணா சொல்லிக்கலாம்.

நம்மாளு பாலச்சந்தர் அபூர்வ ராகங்கள்ல அப்பா பையன் அம்மா பொண்ணுன்னு நாலு பேரை குறுக்கும் நெடுக்குமா போட்டு பின்னினாரு, 1975லயே. அதுல பேச்சு இருக்கு, பாட்டு இருக்கு, கடைசில பையன் அப்பாகிட்டயும் பொண்ணு அம்மாகிட்டயும் திரும்பி போயிடுவாங்க. மனுஷன் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு அதுல நமக்கு தெரியும். இதுல வெறும் மூச்சு சத்தம்தான்.

பாக்யா:
@வெறும்பார்வை பேச்சே இல்லங்குறதுதான் படமே. நீங்க குறையா சொல்றத நான் அப்படியே திருப்பி படத்தோட பலம்னு சொல்லுவேன். இவன் வாழ்க்கை பூரா பேசியே பொழைச்சவன், பார்லிமென்ட்ல பேசுறான், டிவில பேசுறான், வீட்டுல சாப்பிடும்போதும் பேட்டி குடுக்குற மாதிரி அளந்து அளந்து பேசுறான். அன்னாகிட்ட மட்டும்தான் பேச வேண்டியதில்ல.

அது இருக்கட்டும், நான் சொல்ல வந்தது வேற. இவ்ளோ பேர் எழுதிட்டீங்க, ஒருத்தர் கூட இங்க்ரிட் பேரை எடுக்கல. பொண்டாட்டி ஐயா பொண்டாட்டி! மிராண்டா ரிச்சர்ட்சன் அந்த ரோலுக்குத்தான் பிரிட்டிஷ் சினிமா விருதான பாஃப்டா வாங்கினாங்க, ஆஸ்கர் நாமினேஷனும் கெடைச்சுது. முக்கால் படம் வரைக்கும் அவங்க சும்மா விருந்து வைப்பாங்க, மருமகளா வரப்போறவ என்னமோ சரியில்லையேன்னு லேசா முகம் சுளிப்பாங்க, அவ்ளோதான். மார்ட்டின் செத்ததுக்கு அப்புறம் வர்ற அந்த ஒரு சீன் இருக்கே, நான் நிறுத்தி வெச்சுட்டு எழுந்து போயிட்டு வந்து மறுபடி பார்த்தேன். புருஷனை பார்த்து, இது ஆரம்பிச்சப்பவே நீ ஏன் செத்து தொலையலன்னு கேக்குறாங்க. கத்தல் கம்மி, அடித்தொண்டையில இருந்து வருது. நான் உனக்கு பத்தலையான்னு அவன் முன்னாடி உடம்பை காட்டி நிக்கறப்போ, அதுவரைக்கும் படத்துல வந்த அத்தனை நிர்வாணமும் ஒண்ணுமில்லாம போயிடுது. படுக்கையறை சீனுக்கு சென்சார் பண்ணாங்களே, நியாயமா பார்த்தா இதைத்தான் பார்க்க முடியாது.

சாவு சீனையும் திரும்ப பாருங்க. பையன் கதவை திறக்குறான், பார்க்குறான், ஒரு வார்த்தை பேசல, பின்னாடியே நகர்ந்து கைப்பிடியில மோதி மாடிப்படி நடுவுல இருக்குற பள்ளத்துல விழுந்துடுறான். அப்பன் ஒட்டுத்துணி இல்லாம படி படியா ஓடி இறங்கி பொணத்தை அணைச்சுகிட்டு உக்காந்துருக்கான். அன்னா டிரஸ் மாட்டிகிட்டு அவங்கள தாண்டி இறங்கி நடந்து போயிடுறா. போறவள தடுக்கவும் இல்ல. இங்க அவளை திட்டுறவங்க, அந்த இடத்துல அவனோட முகத்தை பாருங்க. பையன் உசுரோட இருந்தப்போ ஒரு தடவையாவது இப்படி கட்டிப்புடிச்சானா?

இரவுக்காட்சி:
@பாக்யா இங்க்ரிட் சீன் ஒத்துக்குறேன், எனக்கும் தொண்டை அடைச்சுது. ஆனா கடைசி வசனம் இன்னும் தீரல.

இளவழகன்_தமிழ்:
நான் காலேஜ்ல இலக்கணம் எடுக்குறவன், அதனால கொஞ்சம் வேற பக்கம் போறேன், பொறுத்துக்கோங்க. தொல்காப்பியர் காதலை ஏழா பிரிக்கும்போது நடுவுல ரெண்டு பேருக்கும் ஒத்துப்போற காதலான அன்பின் ஐந்திணை, ஒரு ஓரத்துல ஒருதலைக் காமமான கைக்கிளை, இன்னொரு ஓரத்துல பெருந்திணைன்னு வெச்சாரு, பொருந்தாக் காமம். பெருந்திணைக்கு நாலு குறிப்பு சொல்றாரு, காதலிய கேட்டு பனைமட்டை குதிரையில மடல் ஏறுறது ஒண்ணு, இளமை தீர்ந்தும் ஆசைப்படுறது ஒண்ணு, "தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்" ஒண்ணு, காமம் மிஞ்சி வலுக்கட்டாயமா போறது ஒண்ணு. மூணாவதை பாருங்க, தெளியவே முடியாத அளவுக்கு முத்திப்போன காமம். ஸ்டீபனுக்கு வந்தது அதுதான், ரெண்டாவதும் கொஞ்சம் கலந்திருக்கு.

இப்ப உங்க கடைசி வசனத்துக்கு வர்றேன். அவன் எங்கயோ ஒரு சின்ன ஊர்ல ரொட்டியும் காய்கறியும் வாங்கிட்டு நடந்து வர்றான், வீட்டு சுவத்துல ஆளுயரத்துக்கு மேல ஒரு போட்டோ, அவனும் அன்னாவும் மார்ட்டினும். தினமும் அதையே பார்த்துகிட்டு உக்காந்துருக்கான். ஏர்போர்ட்ல பார்த்தவ பீட்டரோட இருந்தா, கையில கொழந்தை. அன்னா சாதாரணமாதான் இருந்தா. மொதல் நாள் பார்ட்டிலயும் அவ சாதாரண பொண்ணுதான் சார். மிச்சமெல்லாம் இவன் போட்டது. தெளிஞ்சவன் சொல்ற வரியா அது இருந்தா போட்டோவை கழட்டியிருப்பான், கழட்டலையே! வாய் தெளிஞ்சிடுச்சு, கண்ணு தெளியல. எனக்கு அந்த வரி மேல கடுப்பு வரல, பயம்தான் வந்துச்சு.

பழையகேசட்:
@இளவழகன்_தமிழ் சார் இது சூப்பர். பீட்டர்கிட்ட போறதும் கவனிங்க, ஆஸ்டன் செத்த அன்னிக்கும் அவ போனது பீட்டர்கிட்டதான், மார்ட்டின் செத்ததுக்கு அப்புறமும் அவன்கிட்டதான். அவளுக்கு ஒரு வட்டம் முடிஞ்சுது, இவனுக்குத்தான் முடியல.

சம்பந்தமில்லாம ஒண்ணு, இந்த லூயி மால் தான் அறுபதுகள் கடைசில இந்தியா பூரா சுத்தி ஒரு பெரிய டாக்குமெண்டரி சீரிஸ் எடுத்தவரு, அதுல ஒரு பாகம் மெட்ராஸ் பத்தினது. பிபிசி அதை ஒளிபரப்பினது நம்ம கவர்மெண்டுக்கு புடிக்காம பிபிசியையே கொஞ்ச காலம் வெளிய அனுப்பிட்டாங்க. தேடி பாருங்க.

வெறும்பார்வை:
போட்டோவை கழட்டலையேன்னு இளவழகன் சார் கேட்டது நியாயமான கேள்வி. ஆனா அதுக்காக அந்த ஆளு மேல பரிதாபம் வரும்னு எதிர்பார்க்காதீங்க, எனக்கு இங்க்ரிட் மேலயும் ஸ்கூல் போற அவங்க சின்னப் பொண்ணு மேலயும்தான் வருது, அவள பத்தி படத்துல ஒருத்தருக்கும் கவலை இல்ல. இங்க்ரிட் சீனுக்காக மறுபடி ஒருக்கா போட்டு பார்க்குறேன். பாரீஸ் போர்ஷன் ஃபார்வர்டுதான், அதுல மாற்றமில்ல.